குடிபுகும் ஊரைத் தெரிந்தெடுத்தல்

(திருவொற்றியூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்யப்பெற்ற உபந்நியாசம்)



வேற்று மாநிலத்திற்குக் குடிபெயரும் ஒரு குடும்பம் எவ்வூரைத் தெரிந்தெடுத்து அதிலே தங்க வேண்டும் என்பதே இன்று நாம் பேசுமாறு கட்டளையிடப்பட்ட விஷயமாகும். இது சாமானியமான விஷயமன்று. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இவ்விடங்களிலுள்ள நம்மவர் வீடுகளிலெல்லாம் இப்பேச்சு நடந்துகொண்டிருக்கின்றது. நம் பிள்ளைகளுக்குப் பெங்களூரிலும், பூனாவிலும், ஆமதாபாத்திலும், விசாகப்பட்டினத்திலும் வேலை கிடைக்கின்றது. "போகலாமா?" என்று கேட்ட காலம் கழிந்து, "எங்கே போய் இருப்பது?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

மேலும், இச்சங்கத்தின் ஆலோசனையில் ஒரு யோசனை இருந்து வருவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். சங்கத்தின் பொது நிதியையும், விருப்பமுள்ள குடும்பங்களின் சேமிப்பையும் ஒன்று சேர்த்துப் பெங்களூரின் புறத்தே மனைகள் வாங்கி, நம்மவர் மாத்திரம் குடியிருக்கத்தக்க ஒரு குடியிருப்பை உண்டாக்க வேண்டும் என்பது அந்த யோசனை. அதன் பொருட்டு இங்குள்ள பூர்வீக வீட்டை விற்பதற்கும் சிலர் ஆயத்தமாயிருக்கின்றனர். யோசனையைக் கொண்டுவந்தோர் சமூகாபிமானம் மிக்கவர்கள். அவர்களுடைய நோக்கத்தை நாம் சிறிதும் குறைகூறோம். ஆயினும், வீட்டை விற்பது ஒரு நாட் காரியம். விற்ற வீட்டை மீண்டும் வாங்குவதோ ஒரு தலைமுறைக் காரியம். ஆதலின், கையொப்பம் இடுவதற்கு முன் நமக்கு முன்னே சென்றவர்களும், நம் கரைக்கு வந்தவர்களும் அடைந்த அநுபவங்களை ஆராய்ந்து பார்த்தல் நமது கடமையாகும்.

நமது கரையே ஒரு பாடம்

குடியேற்றத்தைப் பற்றி அறிய நாம் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. நாம் வசிக்கும் இக்கரை முழுவதுமே வந்தேறிகளால் வளர்ந்ததாகும். 1856-ம் வருஷத்தில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிற்று. 1875-ல் சென்னைத் துறைமுகத்திற்கு அஸ்திவாரம் இடப்பட்டது. அன்று முதல் தெலுங்கு நாட்டாரும், தென்பாண்டி நாட்டாரும், வட ஆர்க்காட்டாரும் மூட்டை தூக்கவும், படகு செலுத்தவும், கணக்கு எழுதவும், கடை வைக்கவும் இங்கே வந்து சேர்ந்தனர். 1948-ல் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை தோன்றியது. 1955-ல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலை தொடங்கியது. 1970-ல் எண்ணூரில் அனல் மின் நிலையம் ஏற்பட்டது. ஒவ்வொரு புகைபோக்கியும் எழும்பியபோது அதைச் சுற்றி ஆயிரம் அடுப்புகள் புகைந்தன என்று சொல்லலாம்.

இவ்வாறு வந்தவர்களுள் பர்மாவிலிருந்து வந்தவர்களின் சரித்திரமே நம் விஷயத்திற்கு மிகவும் உபகாரமாவது. ஆங்கிலேயர் காலத்தில் பர்மாவும் இந்தியாவின் ஒரு மாகாணமாயிருந்தது. 1937-ல்தான் தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. சென்னையில் கப்பலேறி இரங்கூனில் இறங்கிய தமிழர் நெல்லறுத்தனர், ஆலைகளில் உழைத்தனர், வட்டிக்கடை வைத்தனர். 1941, 1942 வருஷங்களில் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி லக்ஷக்கணக்கானோர் காட்டு வழியே கால்நடையாய் இந்தியாவுக்குத் திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். யுத்தம் முடிந்தபின் அவர்களிற் பலர் மீண்டும் சென்றனர். 1962 மார்ச்சு மாதத்தில் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-ல் கடைகளும் வியாபாரங்களும் சர்க்கார் வசமாக்கப்பட்டன. பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின. அதன்பின் அந்நாட்டைவிட்டு வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று லக்ஷம் பேர் என்று கணக்கிடுவர். அவர்களுள் தமிழராயினோர் பெரும்பாலும் நமது துறைமுகத்திலேயே வந்து இறங்கினர்.

இறங்கியவர்களுக்குச் சர்க்கார் பல ஜில்லாக்களில் குடியிருப்புகளை ஏற்படுத்திக் கொடுத்தது. கடனும் கொடுத்தது. எனினும், துறைமுகத்துக்கு அருகிலேயே இருந்துவிட வேண்டுமென்று தாமாகத் துணிந்தவர்களும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் கடற்கரை ரயில் நிலையத்திற்கெதிரே நடைபாதையில் அவர்கள் கடை விரித்ததே பின்னர் பர்மா பஜார் ஆயிற்று. வியாசர்பாடியிலும், எண்ணூரில் பர்மா நகர் என்று வழங்கும் இடத்திலும் அவர்கள் வேரூன்றினர். அத்தோவும் மொயிங்காவும் இன்று வடசென்னையின் உணவாகிவிட்டன; அவற்றை வந்தேறிய உணவென்று யாரேனும் எண்ணுகின்றனரா?

அவர்கள் துறைமுகத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் யாது? சாமான் வந்திறங்கும் இடம் அது; தாம் அறிந்த தொழில் சில்லறை வியாபாரம். தொழிலுக்கு ஏற்ற இடத்தை அவர்கள் நாடினர். இதற்கு மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டபின் இலங்கையின் மலைநாட்டிலிருந்து திரும்பி வந்தோரிற் பலர் பிறந்தது முதல் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். அவர்களுக்கு வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளி ஊர்களில் கடை வைக்கச் சொன்னபோது, தராசு பிடித்தறியாத கைகளில் அக்கடன் சில மாதங்களிலேயே கரைந்தது. நீலகிரியில் 1968 முதல் ஏற்பட்ட சர்க்கார் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டவர்களோ கஷ்டப்பட்டாலும் நிலைத்தனர். கை அறிந்த தொழில் உள்ள ஊரே குடிபுகத் தக்க ஊர் என்பது இவ்விரண்டினாலும் விளங்கும்.

மோரே என்னும் ஊர்

பர்மாவிலிருந்து வந்தவர்களுள் ஒரு கூட்டத்தாருக்குத் தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை. பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே திரும்பிவிடுவோம் என்று அவர்கள் மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாய்ப் புறப்பட்டனர். எல்லையில் பர்மியப் படையினர் தடுத்துவிட்டனர். முன்னே போகவும் முடியாமல், பின்னே வரவும் மனமில்லாமல், எல்லையோரத்திலுள்ள மோரே என்னும் சிற்றூரிலேயே அவர்கள் தங்கிவிட்டனர். அங்கே அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எடுத்தனர். தமிழ்ச் சங்கம் கண்டனர். எல்லை வாணிபத்தில் முன்னணியில் நின்றனர். ஒரு காலத்தில் பல்லாயிரவர் அங்கே இருந்தனர்.

கேட்பதற்கு இது பெருமையான சரித்திரமே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1990-களில் அப்பிரதேசத்தில் இனக்கலகங்கள் மூண்டபோது தமிழரும் தாக்கப்பட்டனர். பலர் ஊரைவிட்டு வெளியேறினர். மீண்டும் 2023 மே மாதத்தில் மணிப்பூரில் கலகம் பரவியபோது, சண்டையில் யாதொரு சம்பந்தமுமில்லாத தமிழர் சிலருடைய வீடுகளும் எரிந்தன. அவர்கள் செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. இரு சாராரும் தமதென்று வழக்காடும் மண்ணில் மூன்றாமவராய் இருந்தமையே அவர்களுக்கு நேர்ந்த கேடு. ஆதலின், ஓர் ஊருக்குப் போகுமுன், அவ்வூரார் தமக்குள் எதைக் குறித்து வழக்காடுகின்றனர் என்று விசாரித்தறிவது அத்தியாவசியம். சந்தை நன்றாயிருக்கின்றதென்பது மாத்திரம் போதாது.

இனி, ஊரைத் தெரிந்தெடுக்கும்பொழுது செய்ய வேண்டிய சோதனைகளை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது: பிழைப்பு

ஒரே தொழிலை நம்பிய ஊரில் வீடு வாங்கலாகாது, வாடகைக்கு இருக்கலாம். மைசூர்ச் சீமையிலுள்ள கோலார் தங்கவயல் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். 1880-களில் தொடங்கி வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழர் அங்கே சென்று, உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில் உயிரைப் பணயமாக வைத்துத் தங்கம் எடுத்தனர். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அவ்வூருக்கு வந்தது; பெரிய நகரங்கள் பல இருளில் கிடந்த காலம் அது. பள்ளிக்கூடமும், வைத்தியசாலையும், பொழுதுபோக்கு மன்றங்களும் அங்கே இருந்தன. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்றே அவ்வூரின் சோற்றுப்பானை கவிழ்ந்தது. வீட்டை விற்கலாமென்றால் வாங்குவோர் இல்லை; விட்டுப் போகலாமென்றால் போக்கிடமில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் ரயிலேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று பெங்களூரில் வேலை செய்து இரவில் வீடு திரும்புவது வழக்கமாயிற்று. நம் பக்கத்திலேயே பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டதும், எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் நிறுத்தப்பட்டதும் நாம் கண்கூடாகக் கண்டவை. ஆனால் சென்னையில் வேறு வேலை உண்டு. ஆகையால் குடும்பங்கள் தப்பின. எனவே, "என் வேலை போனால் இவ்வூரிலேயே எனக்கு வேறு வேலை உண்டா? என் மனைவிக்கு உண்டா? நாளை என் மகளுக்கு உண்டா?" என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: நீரும் நிலமும் காற்றும்

இதை நாம் அறிந்ததுபோல் யார் அறிவார்? துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்ட பின்னர், தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே அம்மணல் வராமையால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. வீதிகளும் வீடுகளும் கடலுள் மறைந்தன. பின்பு பாறாங்கற்களைக் கொட்டியே எஞ்சிய கரையைக் காக்க நேர்ந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அம்மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தைகளை எடுத்துக்கொண்டு இருளில் ஓடினர். தொழிற்சாலை சமீபத்தில் இருப்பது வேலைக்கு நன்மை, சுவாசத்திற்குத் தீமை. வேற்று மாநிலம் செல்பவர், காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது, மழைநீர் எங்கே தேங்குகின்றது, குடிநீர் எங்கிருந்து வருகின்றது என்று கேட்காமல் மனையின் விலையை மாத்திரம் கேட்பாராயின், விட்டுப்போன துன்பத்தையே விலை கொடுத்து வாங்கியவராவர்.

பெங்களூரின் புறத்தே மனை வாங்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. 2024-ம் வருஷக் கோடையில் அந்நகரத்தின் ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின. காவேரி நீர்க் குழாய் எட்டாத புறநகர்களே அதிகம் தவித்தன. லாரித் தண்ணீரின் விலைக்குச் சர்க்கார் வரம்பு விதிக்கும்படியாயிற்று. அன்றியும், அங்கே 'ஏ காத்தா', 'பி காத்தா' என்று இருவகைப் பதிவுகள் உண்டு. நமது பட்டாவைப் போல் எல்லாக் காகிதமும் ஒரே தரம் என்று எண்ணிவிடலாகாது. பயிர் நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற முறையான உத்தரவு பெறாமலே மனை பிரித்து விற்பதும் அங்கே நடந்திருக்கின்றது. அம்மாநிலச் சட்டமறிந்த வக்கீல் ஒருவர் மூலப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து எழுத்து மூலம் அபிப்பிராயம் கொடுக்கும் வரையில் ஒரு காசும் முன்பணம் கொடுத்தல் கூடாது.

மூன்றாவது: கல்வியும் பாஷையும்

போகும் ஊரில் பிள்ளைகள் எந்தப் பாஷையில் படிக்கப் போகின்றனர்? தமிழ் அவர்களுக்கு மிஞ்சுமா? டில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் 1923 முதல் வேரூன்றி, ஏழு பள்ளிக்கூடங்களை நடத்தி, அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியை ஊட்டி வருகின்றது. ஆமதாபாத்திலோ, மணிநகரில் நெடுங்காலம் நடந்துவந்த தமிழ்ப் பள்ளி, பிள்ளைகளின் தொகை குறைந்தமையால் 2020-ல் மூடப்பட்டது. அதை மூட வேண்டாமென்று நமது மாநில முதல் மந்திரி அம்மாநில முதல் மந்திரிக்குக் கடிதம் எழுதியும் பயனில்லை. முதலில் குறைந்தது பிள்ளைகளின் தொகையே. பூட்டு பின்னரே வந்தது. நம்மவர் செல்லும் ஊரில் பள்ளி இருந்தால் மாத்திரம் போதாது. அதில் நம் பிள்ளைகளைச் சேர்க்கவும் வேண்டும். பள்ளியே இல்லாத ஊரில், வாரத்துக்கு இருமுறை வீட்டுத் திண்ணையில் பாட்டி எழுத்துக் கற்பித்தாலும் அது பள்ளியே.

அதே சமயத்தில் அவ்வூர்ப் பாஷையைக் கற்காமல் பத்து வருஷம் இருப்பது நமக்கு அழகன்று. ஆண்கள் வேலையிடத்தில் எப்படியோ கற்றுக்கொள்கின்றனர். பெண்களே வீட்டுக்குள் ஊமையராய் இருந்து வருந்துகின்றனர். மருத்துவச்சியிடம் தன் நோயைச் சொல்ல இயலாத தாய்க்கு எந்த ஊரும் வனமே. ஆதலின் ஊர் தெரிந்தெடுக்கும் ஆலோசனையில் பெண்களின் வாக்கு முதலில் கேட்கப்பட வேண்டும். நம் வீடுகளில் அது கடைசியில் கேட்கப்படுகின்றது, அல்லது கேட்கப்படுவதேயில்லை.

நான்காவது: சட்டமும் சான்றிதழும்

நமது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை தருகின்றது. ஆயினும் எல்லா உரிமைகளும் நம்மோடு ரயிலேறி வருவதில்லை. அவற்றுள் மிக முக்கியமானது சாதிச் சான்றிதழ்.

பட்டியல் வகுப்புகள் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியே வகுக்கப்பட்டவை. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்தில் குடியேறியதனால் அம்மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1990-லும், அதன்பின் 2018-லும் தெளிவாகத் தீர்ப்புக் கூறியிருக்கின்றது. பிற்பட்ட வகுப்பாருக்கும் நிலை அத்தகையதே. மத்திய சர்க்காரின் பட்டியலும் மாநிலவாரியாகவே அமைந்துள்ளது. புலம்பெயர்ந்தவர் தம் பூர்வீக மாநிலத்தின் பட்டியலைக் கொண்டே மத்திய உத்தியோகங்களில் உரிமை கோரலாம். 'மிகப் பிற்பட்டோர்' என்று 1989-ல் நமது மாநிலத்தில் ஏற்பட்ட வகுப்பை எல்லை கடந்து கொண்டுபோக முடியாது. பெயர் ஒன்றாயிருக்கும் சமூகம் அண்டை மாநிலத்துப் பட்டியலில் வேறிடத்தில் இருக்கலாம். அல்லது இல்லாமலே இருக்கலாம். ஆதலின், புறப்படுமுன் தகப்பனார் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் சான்றிதழ்களை வாங்கிப் பத்திரப்படுத்துக. போன பிறகு தாலுகா ஆபீசுக்கு நடப்பது எத்தனை கஷ்டமென்பதை அநுபவித்தவர் சொல்வர்.

இன்னொன்று. நமது சர்க்கார் பள்ளிகளில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்லூரியில் நூற்றுக்கு 7.5 பங்கு இடம் 2020-ம் வருஷச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளது. எட்டாம் வகுப்பில் இருக்கும் பெண் குழந்தையைப் பள்ளி மாற்றி வெளி மாநிலம் கொண்டுசெல்லும் தகப்பனார் அக்கதவையும் தம் கையாலேயே சாத்துகின்றார். அவருக்கு வேறு வழி இல்லாதிருக்கலாம். ஆனால் அறிந்து சாத்துவது வேறு, அறியாமற் சாத்துவது வேறு. ரேஷன் கார்டைப் பொறுத்தமட்டில், நாடு முழுவதற்கும் ஒரே கார்டு என்னும் திட்டத்தில் நமது மாநிலம் 2020 அக்டோபரில் சேர்ந்தது. மத்திய உணவுச் சட்டத்திற்குட்பட்ட கார்டுதானா என்று முன்னரே விசாரித்துக்கொள்க. வாக்காளர் பெயரை மாற்ற 8-ம் நம்பர்ப் படிவம். மோட்டார் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேற்று மாநிலத்தில் வைத்திருப்பின் அங்கே மறுபதிவு. மணிப்பூர், நாகாலாந்து, மிஸோரம், அருணாசலம் ஆகிய இடங்களுக்கு உள்நுழைவு அநுமதியே வேண்டும்; இமாசலத்தில் வெளியார் பயிர் நிலம் வாங்கத் தடையுண்டு. இவை சிறு விஷயங்களாகத் தோன்றும். சிறு ஓட்டையே படகைக் கவிழ்க்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டுவதில்லை.

ஐந்தாவது: அண்டை அயலார்

இப்பொழுது, நம் சங்கத்தாருக்குள் அபிப்பிராய பேதமுள்ள இடத்திற்கு வருகின்றோம். "நம்மவர் இருக்கும் இடத்தில்தான் குடியிருக்க வேண்டும்; இல்லாவிடில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எவ்வாறு? நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டாமா?" என்று பெரியோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. புதிய ஊரில் இறங்கியவனுக்கு முதல் மூன்று மாதம் உறவினன் வீட்டுத் திண்ணை தெய்வத்தின் மடியை ஒக்கும். வீடு பிடித்துக் கொடுப்பவனும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவனும், சாவு நேர்ந்தால் தோள் கொடுப்பவனும் அவனே. பம்பாயில் தாராவிக்குச் சென்ற திருநெல்வேலியாரும் இவ்விதமே ஒருவரையொருவர் தாங்கி நின்றனர்.

ஆனால் நம்மவர் மாத்திரமே குடியிருப்பதென்று மதில் கட்டுவது வேறு காரியம். கலகம் நேரும் காலத்தில் தனித்து நிற்கும் குடியிருப்பே முதற்குறியாகும். 1991 டிசம்பரில் காவேரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முன்னிட்டுப் பெங்களூரில் கலகம் நடந்தபோது, தமிழர் திரளாய் வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். அயல் வீட்டுக் கன்னடியர் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆபத்தில் உதவும் அயலான் அன்றைக்கென்று கிடைப்பானா? பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் யுகாதிக்கு ஒப்பட்டும் மாறி மாறிக் கொடுத்து வாங்கிய வீட்டுக்கே அவன் கிடைப்பான்.

நிலத்தில் எல்லாச் செல்வத்தையும் புதைப்பதன் அபாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930-ல் நகரத்தார் வசமிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கே. நெல்விலை வீழ்ந்து கடனாளிகள் கட்ட முடியாமற் போகவே, 1938-க்குள் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர்கள் நிலத்தை விரும்பியா பெற்றனர்? கடனுக்கு ஈடாய் வந்தது. ஆயினும் உழுதவன் கண்ணுக்கு அது அந்நியன் நிலமாகவே தோன்றியது. பர்மா சுதந்திரம் பெற்ற 1948-லேயே நிலத்தைச் சர்க்கார் வசமாக்கும் சட்டம் வந்தது. கணக்கிலும் சாமர்த்தியத்திலும் ஒப்பற்ற அச்சமூகத்தாருக்கே அக்கதி நேர்ந்ததென்றால், பொது நிதி சொற்பமாயுள்ள நாம் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்! நமது நாட்டுக்குள் அத்தகைய சட்டம் வரப்போவதில்லையென்பது மெய்யே. ஆனால் பத்து வருஷ வாடகைக்குச் சமமான தொகையை ஒரே மனையில் முடக்கியவன், வேலை வேறூருக்கு மாறினால் மனைக்குக் காவல்காரனாவான்.

நமது கடமை

குடியேறுவோருக்கு உரிமைகள் வேண்டுமென்று பேசும் நாம், நம் கரைக்குக் குடியேறுவோரை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரிஸ்ஸாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர் எண்ணூரிலும் மணலியிலும் ஒரே அறையில் பலராய்ப் படுத்து உறங்குகின்றனர். 2020-ல் ஊரடங்கு உத்தரவு வந்தபோது நாடெங்கும் இத்தகையோர் கால்நடையாய் ஊர் திரும்பியதைக் கண்டோம். 2023 மார்ச்சில், நம் மாநிலத்தில் பீகாரிகள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்ச் செய்தி பரவியபோது, அப்பிள்ளைகளின் தாய்மார் எவ்வளவு கலங்கியிருப்பர்! நாளை நம் பிள்ளை பூனாவில் அறை தேடும்போது அவனுக்கு எத்தகைய மரியாதை வேண்டுமென்று விரும்புகின்றோமோ, அதை இன்று நம் வீட்டு மாடியறைக்கு வாடகை கேட்டு வரும் பிள்ளைக்குக் கொடுப்போமாக. அவனிடம் இரட்டிப்பு வாடகையும் பத்து மாத முன்பணமும் கேட்டுவிட்டுச் சங்கத்தில் வந்து குடியேற்ற உரிமையைப் பேசுவது பொருந்தாது.

நாம் வேண்டுவது

ஆதலால், மனை வாங்கும் யோசனைக்குப் பதிலாக மூன்று காரியங்களைச் சங்கத்தாரின் ஆலோசனைக்கு முன்வைக்கின்றோம்.

முதலாவது, வெளி மாநிலங்களில் வசிக்கும் நம்மவரின் பதிவேடு ஒன்றைச் சங்கம் தொகுக்க வேண்டும். அவரவர் சம்மதம் பெற்று, இன்ன ஊரில் இன்ன தொழில் உண்டு, வாடகை இன்னது, தண்ணீர் இவ்வாறு, பள்ளி இவ்வாறு என்று வருஷந்தோறும் எழுதிச் சேர்க்க வேண்டும். அது அச்சிடும் புஸ்தகமன்று. கேட்பவருக்குக் காரியதரிசி எடுத்துச் சொல்லும் புஸ்தகம்.

இரண்டாவது, பொது நிதியில் ஒரு பகுதியை, புதிதாய்ச் செல்லும் குடும்பத்திற்கு முன்பணமாகவும் முதல் மூன்று மாத வாடகையாகவும் வட்டியின்றிக் கடன் கொடுக்க ஒதுக்க வேண்டும். ஒரு மனையின் விலையில் பல குடும்பங்கள் காலூன்றலாம். அவர்கள் திருப்பிக் கொடுக்கும் தொகையில் அடுத்த வருஷம் வேறு பல குடும்பங்கள் செல்லலாம். மனையோ ஒருவனுக்கே பயன்படும்.

மூன்றாவது, குறைந்தது ஒரு வருஷம் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவ்வூரில் வாடகைக்கு வசித்துப் பார்க்கும் வரையில் இங்குள்ள வீட்டை விற்பதில்லையென்று நம்மவர் உறுதிகொள்ள வேண்டும். வீட்டை வாடகைக்கு விடலாம், பூட்டியும் வைக்கலாம், விற்றுவிட வேண்டாம். அவ்வருஷம் கழிந்தபின், குடும்பத்திலுள்ள பெண்களும் பிள்ளைகளும் "இங்கேயே இருப்போம்" என்று மனமுவந்து சொல்வாராயின், அப்பொழுது விற்கட்டும், வாங்கட்டும். சங்கம் வாழ்த்தி அனுப்பும்.

யோசனையைக் கொண்டுவந்த அன்பர்கள் இதனால் மனம் வருந்த வேண்டாம். ஊக்கம் அவர்களுடையது, நாம் சொல்வது ஒழுங்கு மாத்திரமே. புறப்பட வேண்டாமென்று நாம் தடுக்கவில்லை. இக்கரைக்கு வந்த நம் முன்னோர் புறப்படாமல் இருந்திருப்பின் இன்று இச்சங்கமே இல்லை. கடலுக்குப் போகிறவன் முதலில் வானத்தைப் பார்க்கின்றான். பிறகு நீரோட்டத்தைப் பார்க்கின்றான். அதன்பின்னரே படகைத் தள்ளுகின்றான். அவ்விதமே நம்மவரும் பார்த்துப் புறப்பட்டு, சென்ற ஊருக்கும் பிறந்த ஊருக்கும் நன்மையுண்டாக வாழ்வார்களாக.